சுமத்ராக் காற்றில் ஒரு பாய்மரப் பந்தயம்

விடியற்காலை நாலு மணிக்கு மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தால் தோட்டத்து வீடுகளில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முதலில் ஒரு குளிர்ந்த காற்று தகரக் கூரையைத் தடதடவென்று தட்டும். கொடியில் கிடந்த துணி பறக்கும். அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து மேற்கே அண்ணாந்து பார்ப்பார். "போச்சு, இன்னிக்கு வேலை இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நெற்றி விளக்கு மறுபடியும் ஆணியில் ஏறும். பட்டை நனைந்த மரத்தை வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி வீணாகும். வெட்டிய பிறகு மழை பிடித்தாலோ மங்கு நிறைய மழைத்தண்ணீர். பால் வழிந்து தரையில் வெள்ளையாய் ஓடும். பிள்ளைகளுக்கு அன்று போர்வைக்குள் இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பெரியவர்களுக்கு அன்றைய சம்பளம் போகும்.

அந்தக் காற்றுக்கு ஒரு பெயர் உண்டு. கப்பல்காரர்கள் அதைச் 'சுமத்ரா' என்பார்கள். சுமத்ராத் தீவின் மலைகளை ஒட்டியும் மலாக்கா நீரிணையின் மேலும் இரவில் திரளும் இடிமேகங்கள் ஒரு நீண்ட வரிசையாகச் சேர்ந்துகொண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியும் முன்னே நம் கரையில் வந்து மோதும். சித்திரையிலிருந்து கார்த்திகை வரை, அதாவது ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இதன் ஆட்டம். நமக்கு அது ஒரு நாள் கூலியைக் கொண்டுபோகிற காற்று. அதே நேரத்தில் நடுக்கடலில் பாய்மரப் படகில் இருக்கிறவனுக்கு அது என்ன? அந்தக் கேள்விக்கு எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் பதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில் என் ஊரைக் காட்டிவிடுகிறேன். புக்கிட் தெங்கா என்றால் நடுக்குன்று. பினாங்கு மாநிலம்தான், ஆனால் தீவில் அல்ல, இந்தப் பக்கத்துப் பெருநிலத்தில். பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாமுக்கு முன்னால் வரும் நிறுத்தம். இன்றைக்கு வருகிறவர்கள் தொழிற்சாலைகளையும் நெடுஞ்சாலையையும் சரக்கு லாரிகளையும் கண்டுவிட்டுப் போவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுற்றுவட்டாரம் கரும்புத் தோட்டங்களாக இருந்தது. நம்மவர்கள் இந்த நாட்டில் கூட்டமாக வந்து இறங்கிய முதல் இடங்களில் இதுவும் ஒன்று. கரும்புக்குப் பின் ரப்பர். ரப்பருக்குப் பின் செம்பனையும் தொழிற்சாலையும். மேற்கே சில மைல் போனால் ஜூரு ஆறு கடலில் கலக்கும் குவாலா ஜூரு. மீன் பிடிக்கும் மலாய்க் குடும்பங்களின் கம்பம் அது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் கலந்து மீன் செத்து மிதந்தபோது, அவர்களுக்காகக் குரல் கொடுத்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் அன்றைய தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் நம் தமிழ் பேசியவர் என்பதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மீனை நம்ப முடியாமல் போன அந்த மக்கள் கூட்டாகச் சேர்ந்து அந்தச் சேற்றிலேயே சிப்பி வளர்த்துப் பிழைத்தார்கள்.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் யாரும் அங்கே போகமாட்டோம். காரணம் என் அப்பாயி.

அப்பாயி திருச்சிப் பக்கத்திலிருந்து 1936ல் வந்தவர். நாகப்பட்டினத்து டிப்போவில் காத்துக்கிடந்து ரஜுலா கப்பலில் ஏறினார். ரஜுலாவைத் தெரியாத தோட்டக் குடும்பம் இருந்ததா என்ன? 1926ல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓயாமல் ஓடிய கப்பல். தளப் பயணிகளாக மட்டும் 5,000 பேர் ஏற இடம் வைத்துக் கட்டியது. தளப் பயணி என்றால் பாயும் பெட்டியும்தான் இருப்பிடம். வங்காள விரிகுடாவில் காற்று கிளம்பினால் மேலே நீர் அடிக்காமல் இருக்கக் கித்தானை இழுத்து மூடுவார்கள். கீழே வாந்தியும் புழுக்கமும் அழுகையும். அப்பாயியின் மடியில் ஏழு மாதத்துப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. நாலாவது நாள் அதற்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் இரவு, கப்பல் ஆடிய ஆட்டத்தில் மருத்துவரைக் கூப்பிடப் போன தாத்தாவால் படியேறவே முடியவில்லையாம். விடிந்தபோது குழந்தை இல்லை. ஒரு துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். இதை அப்பாயி எனக்குச் சொன்னதில்லை. என் அம்மா சொன்னார், அதுவும் ஒரே ஒரு தடவை.

பினாங்கை அடைந்தும் உடனே ஊருக்குள் விடவில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரஜாக் என்று ஒரு தீவு இருக்கிறது. தொற்றுநோய் பரவாமலிருக்க வந்தவர்களை அங்கே இறக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பின்னாளில், 1969லிருந்து 1993 வரை, அது சிறைச்சாலைத் தீவாகவும் இருந்தது. அப்பாயியும் தாத்தாவும் அங்கே சில நாள் இருந்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அப்பாயி ஐம்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகக்கூட பெர்ரி ஏறியதில்லை. 1985ல் பினாங்குப் பாலம் திறந்தபோது என் அப்பா, "இப்ப கார்லயே போயிடலாம் ஆத்தா, கப்பல் ஏற வேண்டாம்" என்று கூப்பிட்டார். "கீழே தண்ணி இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டு அப்பாயி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் பாய்மரப் படகில் ஏறினேன் என்றால் நம்புவீர்களா? நான் வேலை செய்த தொழிற்சாலையில் உடன் இருந்த ஒரு நண்பர், நல்ல பதவியில் இருந்தவர், ஓய்வு பெற்றதும் சொந்தமாக ஒரு படகு வைத்துக்கொண்டார். ஆள் குறைகிறது, கயிறு இழுக்கத் தெரிந்தால் போதும் என்று கூப்பிட்டார். கயிறு இழுக்கத் தெரியும், நீச்சல் அரைகுறை என்றேன். "படகை விட்டு நீங்கள் போகாமலிருந்தால் நீச்சல் தேவையில்லை" என்றார். அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று பிறகு புரிந்தது.

பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம். ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி என்பது அதன் பெயர். இன்றைய சிலாங்கூர் சுல்தான் ஷராஃபுடின் இட்ரிஸ் ஷா இளவரசராக, ராஜா மூடாவாக இருந்த காலத்தில் 1990ல் தொடங்கப்பட்டது. கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் அரச சிலாங்கூர் யாட் கிளப் நடத்துகிறது. சுல்தான் வெறும் பரிசு கொடுக்கிறவர் அல்ல. 1995ல் ஜுக்ரா என்ற தம் படகில் புறப்பட்டு உலகைச் சுற்றி 1997ல் திரும்பியவர். நவம்பர் மாதத்தில் படகுகள் கிள்ளானிலிருந்து கிளம்பி, பங்கோர் தீவு, அங்கிருந்து பினாங்கு, கடைசியில் லங்காவி என்று கட்டம் கட்டமாகப் போகும். பங்கோரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 65 கடல் மைல். கடல் மைல் என்பது நம் மைலைவிட நீளம், 1.852 கிலோமீட்டர். காரில் போனால் இரண்டு மணி நேரத்தில் எட்டுகிற தூரம்தான். பாய்மரத்தில் ஓர் இரவு முழுவதும் போகும்.

யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே பரிசு என்று நினைக்காதீர்கள். பெரிய படகு வேகமாகத்தான் போகும், அதில் என்ன நியாயம்? ஆகவே ஒவ்வொரு படகுக்கும் அதன் நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாம் அளந்து ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கிப் பார்த்துத்தான் முடிவு. பின்னால் வந்த சின்னப் படகு முன்னால் வந்த பெரிய படகை வெல்வது சாதாரணம். மாடு பிடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் முடிகிற வீரம் இல்லை இது. கணக்குப் பிள்ளையின் வேலையும் பாதி.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. அத்தனை உயரமான பாயைக் கட்டிக்கொண்டு காற்றில் சாய்ந்தால் படகு கவிழாதா? படகின் அடிவயிற்றில் துடுப்பு மாதிரி ஒரு பெரிய பலகை தொங்குகிறது. அதன் உள்ளே ஈயமோ இரும்போ வைத்திருப்பார்கள். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அதிலேயே இருக்கும். தலையாட்டிப் பொம்மை எப்படித் தள்ளினாலும் நிமிர்கிறதோ அதே கதை. அதோடு ஆட்களும் எதிர்ப்பக்க விளிம்பில் வரிசையாகக் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து எடை கொடுக்கவேண்டும். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் அதுதான்: மூட்டையாக இருப்பது.

பங்கோரைவிட்டுக் கிளம்பும்போது மாலை நல்ல வெளிச்சம். மலாக்கா நீரிணையில் பாய்மரக்காரர்கள் முதலில் படுகிற கஷ்டம் புயல் அல்ல, காற்றே இல்லாமை. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். பாய் செத்த சேவல் இறக்கை மாதிரித் தொங்கும். நீரோட்டம் படகைப் பின்னால் கூட இழுத்துக்கொண்டு போகும். அப்போது நங்கூரம் போட்டு நின்றுகொள்கிறவர்கள் உண்டு. நின்றுகொண்டே பந்தயத்தில் முன்னேறுகிற வேடிக்கை வேறு எங்கே நடக்கும்? நள்ளிரவுவரை எங்களுக்கும் அப்படித்தான். நிலத்திலிருந்து மெல்லிய காற்று. தொலைவில் மீன்பிடிப் படகுகளின் பச்சை விளக்குகள். மீன் வலையில் சிக்கக்கூடாது, மிதக்கிற மரக்கட்டையில் மோதக்கூடாது, பெரிய கப்பலின் பாதையில் போய் விழக்கூடாது என்று மாறி மாறிக் கண் விழித்தோம். யாரோ கொடுத்த மைலோ ஆறிப்போய் இனித்தது.

மூன்றரை மணி இருக்கும். மேற்கே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய் அணைகிற மாதிரி இருந்தது. அடிவானத்தில் ஒரு கரும் சுவர் எழுந்து, அதன் தலை உருட்டி வைத்த பாய் மாதிரி வளைந்திருந்தது. அதற்குள் மின்னல் வாய் திறந்து மூடியது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பிறகு, முகத்தில் ஒரு குளிர்.

அந்தக் குளிரை எனக்குத் தெரியும். அம்மா வாசலில் நின்று மேற்கே பார்த்த அத்தனை விடியலும் அதில் இருந்தது. "ஐயா, இது வந்துடும், பாயை இறக்குங்க" என்று சொன்னேன். படகில் இருந்தவர்களில் வயதிலே இரண்டாவது மூத்தவன், அனுபவத்திலே கடைசி ஆள், என் பேச்சை யார் கேட்பார்கள்? முன்னால் போகிற படகின் விளக்கு எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நண்பர் அதையே பார்த்துக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார்.

அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. இதுவரை கிழக்கிலிருந்து வந்த காற்றுக்காகப் பாய் இடப்பக்கம் விரிந்திருந்தது. புதுக்காற்று மேற்கிலிருந்து ஓர் அடி அடித்ததும் பாய் அப்படியே மறுபக்கம் பாய்ந்தது. பாயின் அடியைத் தாங்குகிற கிடைமரம், தென்னை மரத்து நடுத்தண்டு அளவு கனம், என் தலைக்கு ஒரு சாண் மேலே விர்ரென்று போய் மறுபக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி மோதி நின்றது. நான் நிமிர்ந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. படகு வலப்பக்கம் சாய்ந்தது. நான் சறுக்கினேன். இடுப்பில் கட்டியிருந்த வாரின் கொக்கியை ஓர் இரும்பு வளையத்தில் மாட்டிவைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒன்றுக்குப் போகக் கழற்றியவன் மறுபடி மாட்டவில்லை. அது யாருடைய குற்றமும் இல்லை, என்னுடையது. கால் தண்ணீரைத் தொட்டது. ஓர் இளைஞன், என் மகன் வயது இருப்பான், சீனப் பையன், என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கொக்கியை எடுத்து வளையத்தில் மாட்டினான். பிறகுதான் காலரை விட்டான்.

காற்றின் கணக்கு பொல்லாதது. அதன் வேகம் இரண்டு மடங்கானால் பாயைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அதுவரை எங்களுக்கு வீசியது மணிக்கு 8 கடல் மைல். சுமத்ரா கொண்டுவந்தது 40 வரை, அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர். வேகத்தில் ஐந்து மடங்கு என்றால் விசையில் இருபத்தைந்து மடங்கு. அதற்கு ஒரே மருந்து பாயைச் சுருக்குவது: பெரிய பாயைப் பாதிவரை இறக்கி, கீழே வந்த துணியை மடித்துக் கிடைமரத்தோடு கட்டவேண்டும். நல்ல வேளையில் செய்தால் ஐந்து நிமிட வேலை. அந்த வேளையில் அது அரை மணி நேரம் பிடித்தது. மழை விழவில்லை, குறுக்கே எறிந்தது. கண் திறக்க முடியவில்லை. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அலை ஒன்றும் மலை மாதிரி இல்லை. நீரிணை ஆழமில்லாததால் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக வந்தன. கல்லும் குழியுமான தோட்டத்து மண் ரோட்டில் லாரியின் பின்னால் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? அதேதான், லாரி ஒருக்களித்துச் சாய்ந்து போனால்.

என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். வீரமாக ஒன்றும் நினைக்கவில்லை. வாந்தி எடுத்தேன். கீழே அறைக்குள் போய்ப் படுத்துக்கொள் என்று சைகை காட்டினார்கள். படியில் காலை வைத்தேன்; உள்ளே இருட்டும் புழுக்கமும் டீசல் வாசமும் ஈரத்துணி வாசமும் ஒன்றாக மேலே வந்தன. என்னால் இறங்க முடியவில்லை. இத்தனை பேருக்கு நடுவே, இடுப்பில் வாரோடு, மேலே காற்றில் நான் இருக்கிறேன். மடியில் காய்ச்சல்காரக் குழந்தையோடு கித்தானுக்குக் கீழே ஒரு பத்தொன்பது வயதுப் பெண் எப்படி இருந்திருப்பாள்? எனக்கு இது ஓர் இரவு. வேண்டாம் என்றால் ரேடியோவில் சொல்லிவிட்டு, எஞ்சினைப் போட்டு, பந்தயத்தை விட்டு விலகிக் கரைக்குப் போகலாம். அவளுக்கு விலக வழி ஏது?

ஐந்தேகால் மணிக்குக் காற்று தணிந்தது. சுமத்ரா அப்படித்தான், ஒன்று இரண்டு மணி நேரத்தில் அடித்து ஓய்ந்துவிடும். முன்னால் போன படகையும் காணோம். அது எங்களைவிட முன்னதாகப் பாயைச் சுருக்கி, ஆடாமல் அசையாமல் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். நண்பர் என் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது வரும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றார். "பால்மரம் வெட்டுகிற வீடு சார்" என்றேன்.

நாங்கள் பட்டது ஒரு சின்னப் பாடு. உலகத்தில் இந்தப் பந்தயங்கள் உயிரையே கேட்டிருக்கின்றன. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. எதிர்பாராத புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். 24 படகுகளை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். இதில் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: கைவிடப்பட்ட அந்தப் படகுகளில் பெரும்பாலானவை பிறகு மிதந்துகொண்டேதான் கண்டெடுக்கப்பட்டன. உயிர் பிழைக்கவென்று ரப்பர் மிதவையில் இறங்கியவர்களில் சிலர்தான் மாண்டார்கள். 1998 டிசம்பரில் சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குப் போன பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பி 44 மட்டுமே போய்ச் சேர்ந்தன. 6 பேர் மரணம், 55 பேர் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றப்பட்டார்கள். இவற்றுக்குப் பிறகுதான் இடுப்பு வார், ரேடியோ, பயிற்சி எல்லாவற்றிலும் விதிகள் இறுகின. என் காலரைப் பிடித்த பையனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்தோ வந்தது அல்லவா? யாரோ செத்துக் கற்றுக்கொடுத்ததுதான்.

நம் நாட்டு அசார் மன்சோர் 1999 பிப்ரவரியில் லங்காவியிலிருந்து 'ஜாலூர் கெமிலாங்' படகில் தன்னந்தனியாகக் கிளம்பி, வழியில் பாய்மரம் முறிந்து, அதைச் செப்பனிட்டுக்கொண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது அண்மையில் நடந்த ஒன்று. புதுச்சேரியைச் சேர்ந்த நம் தமிழ்ப் பெண் ரூபா அழகிரிசாமி, இந்தியக் கடற்படை அதிகாரி, கேரளத்துத் தில்னாவோடு சேர்ந்து இரண்டே பேராக 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் உலகைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் புறப்பட்டு, தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னைத் தாண்டி, 2025 மே மாதம் அதே கோவாவில் வந்து இறங்கினார்கள். ஏழெட்டு மாதம், இரண்டு பெண்கள், பனிக்கடலின் காற்று. அது பந்தயமும் அல்ல, யாரும் துரத்தவில்லை. பெண் பிள்ளை கடலுக்குப் போவதாவது என்று கேட்கிற தாத்தாக்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, நம் படகுக்குத் திரும்புவோம். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் பாயை இறக்கி எஞ்சினைப் போட்டு, தெற்கு வாய்க்கால் வழியாக வடக்கே போனோம். மழை கழுவிவிட்ட காலை. முதலில் 2014ல் திறந்த இரண்டாவது பாலத்தின் அடியில் நுழைந்தோம். தலைக்கு மேலே வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் சின்னதாய் ஓடின. அதைத் தாண்டினால் இடப்பக்கம் பச்சையாய் ஒரு தீவு. ஜெரஜாக். வலப்பக்கம் திரும்பினேன். சதுப்புமரக் காடு, அதில் ஓர் இடைவெளி, சில படகுகள்: குவாலா ஜூரு. அதற்குப் பின்னால் தொழிற்சாலைகளின் கூரைகள், அதற்கும் பின்னால் எங்கள் ஊர். எட்டத்தில் புக்கிட் மெர்தாஜாம் மலை முகில் சூடி நின்றது.

இதை நான் வரைபடத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கவேண்டும். ஆனாலும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் பார்த்தபோதுதான் உறைத்தது. அப்பாயி வந்து இறங்கிய இடமும் அவர் வாழ்ந்து முடித்த இடமும் நேருக்கு நேர். நடுவில் சில மைல் தண்ணீர். ஜெரஜாக்கில் இருந்த அந்தச் சில நாட்களில் அவர் கிழக்கே பார்த்திருந்தால் இந்தக் கரையைத்தான் பார்த்திருப்பார். பார்த்தாரா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"என்ன அங்கிள், அழறீங்களா?" என்று சீனப் பையன் மலாயில் கேட்டான். உப்புத்தண்ணி என்றேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படகுகளைக் காட்ட ஆசையாக இருந்தால் நவம்பர் பள்ளி நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள். அந்தந்த ஆண்டு எந்தத் தேதியில் பினாங்குக்கு வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. புக்கிட் தெங்காவிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. பெர்ரியின் மேற்குப் பக்கம் நின்றால் ஜார்ஜ் டவுன் முழுதும் தெரியும். கடற்கரைத் திடலில் உட்கார்ந்து பார்க்கலாம். படகுகள் தங்கும் துறை தஞ்சோங் தோக்கோங் பக்கத்திலும் உண்டு. பார்க்கக் காசு கேட்பதில்லை. சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். குடை மறக்காதீர்கள். நவம்பர் மாதத்து வானத்தை நம்ப முடியாது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு ஆரம்பித்த புயல் மழையில் இந்த மாநிலத்தில் 7 பேர் இறந்ததையும், செபராங் பிறையில் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றதையும் நாம் பார்த்தவர்கள்தானே.

அன்று மாலை நான் வீடு திரும்பியபோது என் அம்மா, எண்பது தாண்டியவர், வாசலில் உட்கார்ந்திருந்தார். படகில் போனது அவருக்குத் தெரியாது. பங்கோருக்கு நண்பர்களோடு சுற்றுலா என்றுதான் சொல்லியிருந்தேன். என் கையில் கயிறு அறுத்த காயத்தைப் பார்த்தார். சட்டையில் காய்ந்திருந்த உப்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"விடியக்காலம் இங்கயும் நல்ல காத்துடா" என்றார். "நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன்."